காரில் வந்தவனுக்கு இரங்குவது பற்றி

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளியானபோது எழுந்த சர்ச்சையின் மையத்தில் நின்றவள் அந்தக் கதையின் தாய். மழையில் காரில் ஏறிக் 'கெட்டுப்போய்' வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ள ஒரு பிராமண விதவைத் தாய்க்கு மனம் வருமா, வரலாமா என்பது அன்றைய கேள்வி. தாயை விசாரித்தார்கள், மகளை விசாரித்தார்கள், ஆசிரியரையும் விசாரித்தார்கள். காரை ஓட்டி வந்தவன் இந்த விசாரணை மன்றத்துக்குச் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை.

சமீபத்தில் வீரபாண்டியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து இந்தக் கதையை உரக்கப் படித்தபோது அவனையும் கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் குற்றவாளியாக அல்ல. தேனிக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் இளைய நண்பர் ஒருவர் ஆரம்பித்து வைத்தார். "அண்ணே, அவனும் பாவந்தேன். அவ அழுகவும் பயந்துபோறான், வருத்தப்படுறான், தெருமுனை வரைக்கும் கொண்டாந்து எறக்கிவிடுறான். ஒரு நெசமான வில்லன் இதெல்லாம் செய்வானா? நாவல்ல பாத்தீங்கன்னா அவென் வாழ்க்கையே வீணாப் போயிருது." இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் ஒரு படி மேலே போய், மொத்தக் கதையிலும் உண்மையான அவல பாத்திரம் அவன்தான் என்றார். எனக்கு இந்த வாசிப்பு ஏற்புடையதல்ல. இதை வெறும் 'ஆண் வாசிப்பு' என்று முத்திரை குத்தித் தள்ளிவிடுவதும் எனக்கு ஏற்புடையதல்ல. பிரதிக்குள் இதற்கான விதை இருக்கிறது. எங்கே, எப்படி விதைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

சின்னமனூர் இங்கே பக்கத்து ஊர்தான். தன் பெயரின் முதலெழுத்தில் அந்த ஊரைச் சுமந்துகொண்டிருந்த சி.சு. செல்லப்பா, 1959இல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கி 'அலசல்' என்று ஒரு காரியத்தைத் தமிழ் விமர்சனத்துக்குப் பழக்க முயன்றார். கதையைப் பற்றிப் பேசாமல் கதையைப் பேசுவது. அதன் போதாமைகள் குறித்து நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் இந்த விஷயத்துக்கு முதலில் அதுதான் வேண்டியிருக்கிறது.

சிறுகதையில் அவனுக்குப் பெயர் கிடையாது. அவளுக்கும் கிடையாது. இது ஒரு சமத்துவம் போலத் தோற்றம் காட்டும். ஆனால் அவளுக்கு ஒரு கல்லூரி, ஒரு பஸ் ஸ்டாப், ஒரு வீடு, ஒரு தாய், அண்டை அயல் எல்லாம் இருக்கின்றன. அவனைப் பற்றி நமக்குக் கிடைப்பவை சொற்பம்: இளைஞன், பணக்காரன், பெரிய கார், ஆங்கிலம் கலந்த பேச்சு, மெல்லுவதற்குச் சூயிங்கம். காரியம் நடந்த பிறகு அவள் அழுகையைக் கண்டு அவன் குழம்புகிறான். தான் பழகிய பெண்களைப் போல இவள் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. தெருமுனையில் இறக்கிவிடுகிறான். கார் திரும்பிப் போகிறது. அவ்வளவுதான், கதை அவனைக் கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதையில் அவனுடையதாக மிஞ்சுவது ஒன்றே ஒன்று: அவள் வாயில் இன்னும் அரைபட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சூயிங்கம். தாய் அதைத் துப்பச் சொல்கிறாள்.

ஜெயகாந்தன் எழுதியவற்றில் ஆகக் கூர்மையான இடங்களில் ஒன்று இது என்பேன். வில்லன் என்ற ஆள் கரைந்துபோய் வாயில் கிடக்கும் சக்கையாகச் சுருங்கிவிடுகிறான். அவன் மன்னிக்கப்படவும் இல்லை, தண்டிக்கப்படவும் இல்லை. துப்பப்படுகிறான். அவனுக்கு இரங்குவதா வேண்டாமா என்ற கேள்வியைக் கேட்கவே அந்தத் தாய்க்கு நேரமில்லை. முதலில் மகளை அடிக்கிறாள், பிறகு அக்கம்பக்கத்துக் காதுகளைச் சமாளிக்கிறாள், பிறகு தண்ணீர் எடுத்து ஊற்றுகிறாள். இந்த மூன்று வேலைக்கும் நடுவில் அவனை நினைக்க ஏது ஓய்வு?

அப்படியானால் நண்பர்களின் இரக்கம் எங்கிருந்து வருகிறது? பாதி, அந்தக் குழப்பத்திலிருந்து. அவன் அதிர்ந்துபோவதைக் காட்டும் அந்தச் சில வரிகளில் கதைசொல்லி அவனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்காருகிறார். வேய்ன் பூத் என்ற அமெரிக்க விமர்சகர் 1961இல் எழுதிய புனைகதையின் சொல்முறை பற்றிய நூலில், ஜேன் ஆஸ்டினின் எம்மாவை உதாரணம் காட்டி ஒரு விஷயம் சொல்கிறார்: குறைகள் மலிந்த ஒரு பாத்திரத்தின் மனசுக்குள் நம்மைத் தொடர்ந்து குடிவைத்துவிட்டால் போதும், நாம் அந்தப் பாத்திரத்தின் பக்கம் சாய்ந்துவிடுவோம். நியாயம் அநியாயமெல்லாம் பிறகுதான். இரக்கம் என்பது பாத்திரத்தின் தகுதியைப் பொறுத்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிக்கு மேல் அது இடம் ஒதுக்கீட்டைப் பொறுத்தது. யாருக்கு எத்தனை பக்கம் என்பதே கேள்வி.

மீதிப் பாதி நாவலிலிருந்து வருகிறது. எழுதி முடித்ததும் ஆசிரியன் செத்துவிடுகிறான் என்று அறுபதுகளின் பிற்பகுதியில் ரோலாண் பார்த் அறிவித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே ஓர் ஆசிரியர் சாக மறுத்து, தன் கதையின் வாசலில் மீண்டும் வந்து நின்றார். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் போயிருந்தால்? இந்த ஒரு மாற்றத்தை வைத்துத் தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடர் எழுதினார். அதுதான் 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆனது. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு, 1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் படம், லட்சுமிக்குத் தேசிய விருது. கதை தெரியாத வாசகர்கள் இந்தப் பக்கங்களுக்கு வரமாட்டார்கள் என்றாலும் சுருக்கமாக: தாய் அலறி ஊரைக் கூட்டிவிடுகிறாள், அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான், வெங்கு மாமா என்ற வக்கீல் ஆதரவு கொடுத்துப் படிக்கவைக்கிறார். கங்கா இப்போது பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள். 'அக்கினிப் பிரவேசம்' என்ற கதையை ஆர்.கே.வி. என்பவர் எழுதிப் பத்திரிகையில் வந்ததாக நாவலுக்குள்ளேயே வாசித்து, அதன் வழியே காரில் வந்தவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள்.

இப்போது அவனுக்குப் பெயர் இருக்கிறது: பிரபு. அவனை மதிக்காத மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள். செல்வத்தில் வளர்ந்து எதற்கும் உதவாமல் போனவன் என்ற தன்னிரக்கமும் இருக்கிறது. குழந்தைத்தனமும் குடியும் கலந்த ஒரு மனிதன். அவனை வெறுப்பது சிரமம். படத்தில் ஸ்ரீகாந்த்தின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னும் சிரமம்.

ருஷ்ய அறிஞர் விளாதிமிர் ப்ராப் 1928இல் நாட்டுப்புறக் கதைகளின் அமைப்பை ஆராய்ந்தபோது, வில்லன் என்பது ஓர் ஆள் அல்ல, ஒரு செயற்களம் என்றார். ஆள் மாறலாம், களம் காலியாக இருக்க முடியாது. இந்த நாவலில் நடப்பது அதுதான். பிரபு எழுந்துபோன நாற்காலியில் வெங்கு மாமா உட்காரவைக்கப்படுகிறார். சாஸ்திரம் பேசுகிறவர், பாதுகாவலர், அந்தப் பாதுகாப்பின் மறைவில் கையை நீட்டுகிறவர். அவரைக் கண்டு நமக்கு உடம்பு கூசுகிறது. அந்தக் கூச்சத்தோடு திரும்பிப் பார்த்தால் பிரபு எவ்வளவோ தேவலை என்று தோன்றுகிறது. அவனுக்குக் கிடைக்கும் இரக்கத்தில் பெரும்பகுதி வெங்கு மாமா கணக்கிலிருந்து மாற்றப்பட்ட தொகை. ஜவுளிக்கடையில் மட்டமான துணியை முதலில் விரித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிற தந்திரம்தான். இதைக் கலைக்குறை என்று சொல்லவில்லை. கலை இப்படித்தான் வேலைசெய்யும். ஆனால் வாசகன் தன் இரக்கத்தைத் தன் சொந்தப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளும்போது, யார் அதை அவன் சட்டைப்பையில் வைத்தார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அன்று அதை என் நண்பரே சொன்னார்: "பாதிக்கப்பட்டது கங்கா. அவளே அவன்கிட்ட எரக்கம் காட்டுறா. நடுவுல நீங்க யாரு வேணாங்கிறதுக்கு?" நாவலைச் சொல்கிறவளும் கங்காதான் என்பதால் இது சாதாரண வாதமில்லை. அவள் இரங்குகிறாள், உண்மை. அது அவளுடைய உரிமை, அதுவும் உண்மை. ஆனால் அவளை அவனிடம் அனுப்பியது எது? நீ இனி யாருக்கும் மனைவியாக முடியாது, முடிந்தால் அவனையே தேடிப்பிடி என்கிற வெங்கு மாமாவின் சவால். அண்ணன் கதவைச் சாத்திவிட்டான், தாய் கையாலாகாமல் நிற்கிறாள், மாமா கையை நீட்டுகிறார். நான்கு பக்கமும் அடைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே சந்து வழியாக அவள் போனதைச் சுதந்திரமான மன்னிப்பு என்று எப்படிச் சொல்வது? நாவல் முடியும்போது அவன் நல்லவனாகி விலகிப்போகிறான். அவள் கையில் கோப்பை இருக்கிறது. அவனுடைய மீட்சிக்கான செலவு எந்தப் பேரேட்டில் பற்று எழுதப்பட்டிருக்கிறது என்று அந்தக் கோப்பை சொல்கிறது. ஜெயகாந்தன் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறைத்துப் படிப்பவர்கள் நாம்.

வெங்கு மாமாவின் தர்க்கம் நாவலோடு போய்விட்டதா? 'கட்டி வச்சிருவோம்' என்ற தீர்ப்பைக் கேட்காத பஞ்சாயத்து நம் பக்கத்தில் உண்டா? பஞ்சாயத்து இருக்கட்டும். 2015 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமே, பாலியல் வன்முறை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவனுக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக இடைக்கால ஜாமீன் கொடுத்தது. ஜூலை 1ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் இத்தகைய குற்றங்களில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று சொன்ன பிறகு அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. நாவல் வெளிவந்து 45 வருஷம். ஒரு சிறுகதையின் வில்லனுக்கு இரங்கலாமா என்று மாலை நேரத்தில் உட்கார்ந்து பேசுவது வெறும் இலக்கியப் பொழுதுபோக்கு அல்ல என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம். 'அவனும் பாவம்' என்ற வாக்கியத்துக்கு நம் ஊரில் ஒரு நடைமுறை மதிப்பு இருக்கிறது. அதைக் காட்டிப் பணம் எடுக்கலாம்.

எல்லா வில்லன்களையும் ஒரே தராசில் வைக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புதுமைப்பித்தனின் 'சங்குத் தேவனின் தர்மம்' இருக்கிறது, 1934 மணிக்கொடிக் கதை. இருட்டில் தனியாகப் போகும் ஏழைக் கிழவி பயப்படும் கொள்ளைக்காரன், அவளுக்கே வழித்துணையாக வந்து, மகள் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். அங்கே வில்லன் என்பது ஒரு பெயர். ஊர் வாயில் புழங்கும் பயம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஒரு சமூகமே பிறப்பால் வில்லன் என்று பதிவேட்டில் எழுதப்பட்டு, கைரேகை கொடுக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொல்லப்பட்ட மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பட்டம் கட்டப்பட்ட வில்லனையும் செயலால் ஆன வில்லனையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. முன்னவனுக்கு நாம் தரவேண்டியது இரக்கமே அல்ல, பெயர் நீக்கம். காரில் வந்தவனுக்கு யாரும் பட்டம் கட்டவில்லை. அவனுடைய பிரச்சினையே அவன்மேல் எந்தப் பெயரும் ஒட்டாமல் இருப்பதுதான்.

சரி, வில்லனுக்கு இரங்க நம் மரபில் வேறு வழியே இல்லையா? வடமாவட்டங்களின் பாரதக் கூத்தில் இருக்கிறது. பதினெட்டாம் போர், படுகளம். துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்கவைத்திருப்பார்கள். ஒருபுறம் அவனுக்காக ஒப்பாரி நடக்கும், பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். அதே களத்தில், அதே உடலின் தொடை ரத்தத்தைத் தொட்டுத் திரௌபதி தன் கூந்தலை முடிவாள். அழுகை கூந்தலை நிறுத்துவதில்லை. கூந்தல் அழுகையைத் தடுப்பதில்லை. முக்கியம், வரிசை: முதலில் அவன் விழுந்தாக வேண்டும். கணக்கு தீர்ந்த உடலுக்குத்தான் ஒப்பாரி. நவீன இலக்கியம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. கணக்கைத் தொடங்கும் முன்பே ஒப்பாரியை ஆரம்பித்துவிடுகிறது.

'அனுதாபம்' என்ற சொல்லே இந்தத் திருகலைச் சுமக்கிறது. தாபம் என்றால் சூடு. சமஸ்கிருதத்தில் அனுதாபம் என்பதற்குச் செய்ததை நினைத்துப் பின்னால் சுடுவது, அதாவது கழிவிரக்கம் என்று பொருள். அகராதியில் அந்தப் பொருள் தமிழிலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் வழக்கில் நாம் அதைப் பார்வையாளனின் உணர்ச்சியாக மாற்றிவிட்டோம். குற்றவாளிக்குள் எரிய வேண்டிய சூடு இடம்பெயர்ந்து வாசகனுக்குள் இதமாக எரிகிறது. அவன் சுடப்பட வேண்டிய இடத்தில் நாம் குளிர்காய்கிறோம்.

வீரபாண்டியில் இதையெல்லாம் பேசுவது பொருத்தம்தான். முல்லையாற்றங்கரைக் கௌமாரியம்மன் கோயிலின் தலபுராணம், தவமிருந்த கன்னியைத் தூக்கிப்போக வந்த ஓர் அசுரனைப் பற்றியது. அவள் அருகம்புல்லை எடுத்து வீச, அவன் இரண்டாகப் பிளந்தானாம். அசுரன் ஏன் அப்படி ஆனான், அவன் பால்யம் எப்படி என்றெல்லாம் தலபுராணம் கேட்பதில்லை. சித்திரைத் திருவிழாவில் இன்றும் பெண்கள் ஆற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக எடுத்துக் கம்பத்துக்கு ஊற்றுகிறார்கள், தீச்சட்டி ஏந்துகிறார்கள். தண்ணீரும் நெருப்பும் இங்கே நேர்த்திக்கடன். யாருடைய கற்புக்கும் சோதனையல்ல. சீதையின் நெருப்பைத் தாயின் தண்ணீராக மாற்றியது ஜெயகாந்தனின் சாதனை என்று நாம் எழுதிவந்திருக்கிறோம். சாதனைதான். ஆனால் நெருப்போ தண்ணீரோ, உள்ளே இறங்குவது அவள் மட்டும் என்ற ஏற்பாட்டில் அது கைவைக்கவில்லை. புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தில் அகலிகை, சீதையையும் தீக்குளிக்கச் சொன்னார்கள் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். அவளும் பெண். அந்தக் கதையிலும் இந்திரன் எங்கோ போய்விட்டான்.

கூட்டத்தில் ஒரே ஒரு பெண் இருந்தார். கூடலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் விடியக்காலம் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்வந்தவர். அவள் ஏன் அந்தக் காரில் ஏறினாள் என்று ஒருவர் கேட்டதற்கு, "மழ பேஞ்சு பஸ்ஸும் வரலைன்னா வண்டி நிறுத்துறவுக வண்டியில ஏறத்தேன் செய்வாக. நாங்க தெனமும் ஏறலையா? ஏறுனது ஒரு கேள்வியா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. பிறகு போகிற போக்கில் இன்னொன்று கேட்டார். "இந்தப் புள்ள வீட்டுக்கு வந்து அடிபட்டு, தண்ணி ஊத்துனது வரைக்கும் எழுதியிருக்காக. அந்தக் கார்க்காரன் வீட்டுக்குப் போயி அன்னைக்கு ராத்திரி என்ன செஞ்சான்? சோறு திண்டானா? அவுகாத்தா என்னன்னு கேட்டாளா?"

'அவனும் பாவம்' என்ற வாதத்துக்கு எதிராக நான் அடுக்கிய அத்தனையையும்விட இது எனக்குப் பயனுள்ள கேள்வியாகப் படுகிறது. அவனை உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு அவர் கதவைத் திறந்துதான் விடுகிறார். பாருங்கள், ஆனால் அந்த ராத்திரியிலிருந்து பாருங்கள். சிறுகதை காரைத் தெருமுனையில் விட்டுவிட்டது. நாவல் அவனைத் திரும்பக் கண்டெடுக்கும்போது வருஷங்கள் ஓடி, மனைவியாலும் மகளாலும் குடியாலும் அவன் ஏற்கெனவே இரங்கத்தக்க பக்குவத்துக்கு வந்துவிட்டான். இடையில் இருக்கிறது ஒரு வீடு. ஈரமான கார் உள்ளே வந்து நின்றிருக்கும். டிரைவரோ வேலைக்காரனோ மறுநாள் காலையில் இருக்கையைத் துடைத்திருப்பான். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருக்கலாம். மழையில் நனைந்து வந்திருக்கிறாயே என்று துண்டை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அந்தத் தாயை வைத்து யாராவது ஒரு கதை எழுதினால், அதில் அவனுக்கு இரங்க இடமிருக்கிறதா என்று நண்பர்களோடு இன்னொரு மாலை உட்கார்ந்து பேச நான் தயார்.